நாலு சிலிண்டரும் ஒன்றாக வெடித்தால் டயர் எப்படிப் பிடிக்கும்? (ஹோண்டா என்எஸ்ஆர் 500)

ஆர்எக்ஸ்_காதலன்:

வணக்கம் மக்களே. இரண்டு நாளாகத் தூக்கம் கெட்டுக் கிடக்கிறேன், காரணம் ஒரு சத்தம். பழைய 500 சிசி கிராண்ட் பிரி வீடியோக்களை ஹெட்போன் மாட்டிக்கொண்டு வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். 1991-இல் மிக் டூஹன் ஓட்டும் ஹோண்டா என்எஸ்ஆர் 500 காதைக் கிழிக்கிறது, டூ ஸ்ட்ரோக் என்றால் இதுதான் என்று சொல்கிற மாதிரி. அடுத்த வருடம், அதே ஆள், பெயரும் அதே, ஆனால் சத்தம் அடித்தொண்டையில் உறுமுகிறது. முதலில் ஹெட்போன்தான் போய்விட்டது என்று நினைத்தேன்.

தேடிப் பார்த்தால், 1992-இல் ஹோண்டா நாலு சிலிண்டரையும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் வெடிக்கிற மாதிரி மாற்றிவிட்டார்களாம், அதற்கு ‘பிக் பேங்’ என்று பெயராம், அதனால் பின் டயருக்குப் பிடிப்பு கூடியதாம். இங்கேதான் எனக்கு மண்டை காய்கிறது. நான் பதினைந்து வருடமாக ஆர்எக்ஸ் 100 வைத்திருக்கிறேன். மழை ஈரத்தில் இரண்டாவது கியரில் முறுக்கினால், பவர் ‘குப்’பென்று வருகிற அந்த இடத்தில்தான் பின்சக்கரம் விலகும். மெதுவாக, சீராக வந்தால் விலகாது. அப்படியிருக்க நாலு வெடியையும் ஒன்றாகக் கட்டி டயர் மேல் போட்டால் இன்னும் மோசமாக வழுக்கத்தானே வேண்டும்? கியர்பாக்ஸ் என்ன ஆகும்?

இது போதாதென்று, அதே டூஹன் 1997-இல் எனக்குப் பழைய மாதிரி இன்ஜினே வேண்டும் என்று கேட்டு வாங்கி, முன்பைவிட அதிகமாக ஜெயித்தாராம். அப்போது எதுதான் சரி? முதலில், ஃபோர் ஸ்ட்ரோக் பைத்தியமான ஹோண்டா டூ ஸ்ட்ரோக்குக்கு வந்தது எப்படி? நான் படித்தது பி.காம்., அதனால் கொஞ்சம் கணக்கோடு, ஆனால் பயமுறுத்தாமல் சொல்லுங்கள்.

கிராங்க்கேஸ்:

நல்ல கேள்வி தம்பி. பி.காம். என்றால் கணக்குதானே, வாருங்கள்.

டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் (பிஸ்டன் மேலும் கீழும் ஓடுவதைச் சுழற்சியாக மாற்றுகிற தண்டு) ஒரு சுற்று சுற்றினால் ஒவ்வொரு சிலிண்டரும் ஒரு தடவை வெடிக்கும். நாலு சிலிண்டர் இருந்தால் சுற்றுக்கு நாலு வெடி. அந்த நாலையும் 360 டிகிரியில் எங்கே வைப்பது என்பது வடிவமைப்பவர் கையில் இருக்கிறது. 1984 முதல் 1989 வரை என்எஸ்ஆரில் 90 டிகிரிக்கு ஒன்றாக, சமமாகப் பிரித்து வைத்தார்கள். 1990-இல் இரண்டு இரண்டாகச் சேர்த்து 180 டிகிரிக்கு ஒரு ஜோடி என்று ஆக்கினார்கள். 1992-இல்தான் நாலையும் சுமார் 70 டிகிரிக்குள் அடைத்தார்கள், மீதி 290 டிகிரி முழுக்க மௌனம். இதில் ஒன்றைக் கவனியுங்கள்: நாலும் ஒரே கணத்தில் வெடிக்கவில்லை, அடுத்தடுத்து நெருக்கமாக வெடித்தன. ஜப்பானியர்களே இதை ‘நெருக்க வெடிப்பு’ என்கிற பொருளில்தான் சொல்வார்கள், ‘பிக் பேங்’ என்பது வெளியே ஒட்டிக்கொண்ட பெயர்.

இப்போது 12,000 ஆர்பிஎம் என்று வையுங்கள். நொடிக்கு 200 சுற்று, ஒரு சுற்றுக்கு 5 மில்லி நொடி. பழைய முறையில் 1.25 மில்லி நொடிக்கு ஒரு வெடி, டயருக்கு மூச்சுவிட நேரமே கிடையாது. புதிய முறையில் ஒரு மில்லி நொடி அடி, நாலு மில்லி நொடி ஓய்வு. வளைவை விட்டு மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வெளியே வருகிறீர்கள் என்றால், அந்த நாலு மில்லி நொடியில் வண்டி 11 செ.மீ. ஓடிவிடும். ஒரு சாண் கூட இல்லை, ஆனால் தரையைத் தொடுகிற ரப்பர் பரப்பின் நீளமே கிட்டத்தட்ட அவ்வளவுதான். அடி விழும்போது ரப்பர் லேசாக வழுக்க ஆரம்பித்தாலும், ஓய்வில் தரையை மறுபடி கவ்விக்கொள்ள ஒரு வாய்ப்பு கிடைக்கிறது. சமமாக அடித்துக்கொண்டே இருந்தால், ஒரு தடவை வழுக்கத் தொடங்கியது நிற்பதற்கு இடமே இல்லை.

கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். ‘ஐலசா’ என்றதும் எல்லோரும் சேர்ந்து ஒரு இழுப்பு, அப்புறம் காலை மணலில் ஊன்றிக்கொள்ள ஒரு இடைவெளி. ஆளாளுக்கு ஒரு நேரத்தில் விடாமல் இழுத்தால் மொத்த பலம் அதேதான், ஆனால் கால் மணலில் வாரிக்கொண்டே போகும்.

உங்கள் ஆர்எக்ஸ் விஷயம் வேறு. அங்கே ‘குப்’பென்று வருவது வெடிகளுக்கு நடுவில் இருக்கிற இடைவெளியால் வரவில்லை. சைலன்ஸர் வயிற்றுக்குள்ளிருந்து திரும்பி வருகிற அழுத்த அலை, வெளியே ஓடப் பார்க்கிற புதுக் கலவையைச் சிலிண்டருக்குள் திருப்பித் தள்ளுகிற அந்தக் குறிப்பிட்ட ஆர்பிஎம் வந்ததும் பவர் தாவுகிறது. அது பல சுற்றுகளுக்கு மேல் நடக்கிற மாற்றம். நான் சொல்வது ஒரே சுற்றுக்குள் நடப்பது. இரண்டையும் குழப்பிக்கொண்டால் விடிய விடிய யோசித்தாலும் விடை வராது.

கியர்பாக்ஸ் பற்றி நீங்கள் கேட்டது மிகச் சரி. கால் பங்கு கால் பங்காக வாங்கிக்கொண்டிருந்த பல்லெல்லாம் இப்போது மொத்த அடியையும் ஒன்றாக வாங்க வேண்டும். கிராங்க்கிலிருந்து கிளட்ச்சுக்குப் போகும் பல்சக்கரங்கள், கியர்கள் எல்லாவற்றையும் தடிமனாக்க வேண்டியதாயிற்று. அதிர்வை அடக்க ஒரு பாலன்ஸ் ஷாஃப்ட் வேறு. அதாவது எடை கூடும். அதிர்ஷ்டம் என்னவென்றால், அதற்குச் சற்று முன்புதான் நாலு சிலிண்டர் வண்டிக்குக் குறைந்தபட்ச எடையை 130 கிலோவாக உயர்த்தியிருந்தார்கள். எப்படியும் எடை சேர்க்க வேண்டியிருந்ததால் அதை இன்ஜினிலேயே சேர்த்துக்கொண்டார்கள். முந்தைய விதியில் இருந்திருந்தால் இந்த யோசனையைக் காகிதத்தோடு சுருட்டி வைத்திருப்பார்கள் என்பது என் அபிப்பிராயம்.

பெட்ரோல்_வாசம்:

கிராங்க்கேஸ் அண்ணன் கணக்கைப் பார்த்துக்கொண்டார், நான் கதைப் பக்கம் வருகிறேன். ஏனென்றால் 1992 மட்டும் தனியாகப் பார்த்தால் ஹோண்டாவுக்கு ஏதோ ஞானோதயம் வந்த மாதிரி தெரியும். அதற்கு முன்னால் பத்து வருடம் அவர்கள் விழுந்து விழுந்து எழுந்திருக்கிறார்கள்.

சோய்சிரோ ஹோண்டாவுக்கு டூ ஸ்ட்ரோக் என்றாலே ஆகாது. 1967-ஓடு கிராண்ட் பிரியை விட்டுப் போன கம்பெனி, 1979-இல் திரும்பி வரும்போது 500 வகுப்பு முழுக்க யமஹாவும் சுசூகியும், அத்தனையும் டூ ஸ்ட்ரோக். ஹோண்டா மட்டும் என்ஆர் 500 என்று ஒரு ஃபோர் ஸ்ட்ரோக்கைக் கொண்டுவந்தது. விதி நாலு சிலிண்டருக்கு மேல் கூடாது என்கிறது, ஃபோர் ஸ்ட்ரோக் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் வெடிக்கும் என்பதால் எட்டு சிலிண்டர் இருந்தால்தான் போட்டியிட முடியும் என்று கணக்கு சொல்கிறது, அதனால் இரண்டு இரண்டு சிலிண்டரை ஒட்டவைத்த மாதிரி நீள்வட்டப் பிஸ்டன், ஒவ்வொன்றுக்கும் இரண்டு கனெக்டிங் ராடு, மொத்தம் 32 வால்வு. பொறியியலாகப் பார்த்தால் கும்பிட வேண்டிய சாமான். சில்வர்ஸ்டோனில் முதல் போட்டிக்கு வந்த இரண்டு வண்டியும் முடிக்கவே இல்லை. மூன்று வருடம் முட்டியும் ஒரு கிராண்ட் பிரி வெற்றி கூட இல்லை.

அப்புறம்தான் மனதைக் கல்லாக்கிக்கொண்டு டூ ஸ்ட்ரோக்குக்கு வந்தார்கள். ஆனால் எல்லோரும் நாலு சிலிண்டர் போடும்போது இவர்கள் மூன்று போட்டார்கள். மோட்டோகிராஸ் வண்டிகளில் ஊறிய ஷினிச்சி மியாகோஷி வடிவமைத்த என்எஸ் 500. பவர் குறைவுதான், ஆனால் சின்னது, லேசானது, டயரைத் தின்னாது. கலவையை உள்ளே விட, சுழல் தட்டு வால்வுக்குப் பதில் மோட்டோகிராஸ் போல ரீட் வால்வு, அதாவது தானாகத் திறந்து மூடும் மெல்லிய தகடு. 1982-இல் பெல்ஜியத்தின் ஸ்பாவில் ஃபிரெடி ஸ்பென்சர் அதில் ஜெயித்தபோது 1967-க்குப் பிறகு ஹோண்டாவுக்கு முதல் 500 வெற்றி. அடுத்த வருடம் 1983, பன்னிரண்டு போட்டி, ஸ்பென்சர் ஆறு, யமஹாவில் கென்னி ராபர்ட்ஸ் ஆறு. வேறு யாரும் ஜெயிக்கவே இல்லை! முடிவில் 144-க்கு 142, இரண்டே புள்ளியில் பட்டம் ஸ்பென்சருக்கு. அவருக்கு அப்போது 21 வயது. என் 21 வயதை நினைத்துப் பார்த்தால் அரியர் பேப்பர்தான் ஞாபகம் வருகிறது.

மூன்று சிலிண்டரால் இதற்கு மேல் முடியாது என்று தெரிந்துதான் 1984-இல் முதல் என்எஸ்ஆர் 500. இந்த வண்டியைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் எனக்குச் சலிக்காது. பெட்ரோல் டேங்கை இன்ஜினுக்கு அடியில் வைத்தார்கள். டேங்க் இருக்க வேண்டிய இடத்தில் நாலு எக்ஸாஸ்ட் பைப்பும் மேலே வளைந்து போகும், மேலே மூடியிருக்கும் டேங்க் வெறும் பொம்மை மூடி. எடை கீழே இருந்தால் வண்டி நன்றாகத் திரும்பும் என்பது யோசனை. கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள். நடந்தது என்ன? டூ வீலர் திரும்பும்போது சாய வேண்டும், ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் புரள வேண்டும். அந்தப் புரளலின் அச்சுக்கு அருகில் எடை இருந்தால்தான் சட்டென்று புரளும். அடியில் தொங்கவிட்டால் கடிகாரப் பெண்டுலம் மாதிரி இழுக்கும். போதாக்குறைக்குப் பெட்ரோல் தீரத் தீர வண்டியின் குணமே மாறியது. ஓட்டுகிறவனின் வயிற்றுக்கும் கைக்கும் நடுவில் நாலு கொதிக்கும் பைப். கார்புரேட்டரை மாற்ற மெக்கானிக் கையை விட்டால் வெந்துவிடும். தென்னாப்பிரிக்காவின் கயாலாமியில் முதல் போட்டிக்கு முந்தைய பயிற்சியிலேயே கார்பன் பின்சக்கரம் உடைந்து ஸ்பென்சர் விழுந்தார். அந்த வருடம் சில போட்டிகளுக்கு அவர் பழைய மூன்று சிலிண்டர் வண்டியையே எடுத்துப்போனார். பட்டம் யமஹாவின் எடி லாசனுக்கு.

ஹோண்டாவிடம் எனக்குப் பிடித்த குணம், வீம்புக்காக அதையே பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. 1985-இல் டேங்க் மேலே, பைப் கீழே, ஊரோடு ஒத்துப்போனார்கள். அதே வருடம் ஸ்பென்சர் 250, 500 இரண்டு பட்டத்தையும் ஒன்றாக வென்றார், இந்த இரண்டையும் ஒரே வருடத்தில் வென்றவர் அவருக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

மாற்றாமல் வைத்துக்கொண்டது ஒன்று உண்டு: ஒற்றை கிராங்க். யமஹாவிலும் சுசூகியிலும் வி வடிவ நாலு சிலிண்டருக்கு இரண்டு கிராங்க். ஹோண்டாவில் ஒன்றே ஒன்று. உராய்வு குறைவு, எடை குறைவு, பவர் அதிகம். ஆனால் வண்டியைச் சாய்ப்பதற்குள் முரண்டு பிடிக்கும். 1987-இல் 90 டிகிரி வி-யை 112 டிகிரிக்கு விரித்து, கார்புரேட்டர்களை அந்த வி-யின் நடுவில் உட்கார வைத்தார்கள். வெய்ன் கார்ட்னர் அதில் பட்டம் வென்றார், 500-இல் முதல் ஆஸ்திரேலியச் சாம்பியன். 1989-இல் யமஹாவிலிருந்து ஹோண்டாவுக்குத் தாவிய லாசன், எர்வ் கனெமோட்டோ அணியில் வென்றார். அந்த வருட என்எஸ்ஆர் நேர்ச்சாலையில் ராக்கெட், வளைவில் எருமை. சேசிஸை வெட்டி ஒட்டி, ஒட்டி வெட்டி வருடம் முழுக்க ஓட்டினார்கள். பிறகு 1990, 91 இரண்டும் யமஹாவில் வெய்ன் ரெய்னிக்கு. பவரில் குறை இல்லை, அந்தப் பவரைத் தரைக்கு இறக்க முடியவில்லை. 1992 அங்கிருந்து வந்ததுதான்.

சந்தேகப்_பேர்வழி:

இரண்டு பதிலும் அருமை. ஆனால் அந்த ‘டயர் ஓய்வெடுக்கிறது’ கணக்கை நான் முழுசாக ஒப்புக்கொள்ள மாட்டேன், மன்னிக்கவும் கிராங்க்கேஸ் சார்.

கிராங்க்குக்கும் தரைக்கும் நடுவில் கிளட்ச், கியர், செயின், சக்கரத்துக்குள் இருக்கும் ரப்பர் குஷன், டயரின் பக்கச்சுவர் எல்லாம் இருக்கின்றன. எல்லாமே கொஞ்சம் வளைந்து கொடுக்கிறவை. நொடிக்கு 200 தடவை வருகிற அடி இத்தனையையும் தாண்டி அப்படியே டயருக்குப் போய்ச் சேருமா, நடுவிலேயே மழுங்கிவிடுமா என்று கேட்க இடம் இருக்கிறது. யமஹாவின் பொறியாளர் மசாவ் ஃபுருசாவா வேறு ஒரு விளக்கம் சொன்னார், 2004-இல் பந்தய வீரர் வாலன்டினோ ரோஸிக்காக யமஹாவின் எம்1 பந்தய வண்டியின் கிராங்க்கை 90 டிகிரி விலக்கி வைத்தபோது. சாதாரண வரிசை நாலு சிலிண்டரில் நாலு பிஸ்டனும் ஒரே கணத்தில் நின்று ஒரே கணத்தில் ஓடும், அந்த ஆட்டத்தால் கிராங்க் ஒரு சுற்றுக்குள்ளேயே வேகம் கூடிக் குறைந்துகொண்டிருக்கும். நீங்கள் முறுக்கிக் கேட்ட பவருக்கு மேல் இந்த இரைச்சல் வந்து உட்கார்ந்துகொள்வதால், டயரில் என்ன நடக்கிறது என்று வலது கைக்குத் தெளிவாகத் தெரியாது. கிராங்க்கை விலக்கி வைத்தால் அந்த ஆட்டம் ஒன்றையொன்று தின்றுவிடும். அதாவது அங்கே மாறியது டயரின் பிடிப்பு என்பதைவிட, ஓட்டுகிறவனுக்குக் கிடைக்கும் தகவல்.

அது ஃபோர் ஸ்ட்ரோக், வேறு கிராங்க், அப்படியே என்எஸ்ஆருக்குப் பொருத்த முடியாது, தெரியும். நான் சொல்ல வருவது, 1992-இல் பலன் கிடைத்தது உறுதி, காரணம் இதுதான் என்று ஒற்றை விரல் நீட்டுவது உறுதி இல்லை.

சத்தத்துக்கு நம் ஊர் உதாரணம் வேண்டுமென்றால், சென்னையில் தயாராகும் ராயல் என்ஃபீல்டு 650 இரட்டைச் சிலிண்டரைக் கேளுங்கள். 270 டிகிரி கிராங்க், வெடிகள் சமமான இடைவெளியில் வராது, அதனால்தான் அந்தத் தடதடப்பு. சமமாக வெடித்தால் ஒரு ராகம், சமமில்லாமல் வெடித்தால் ஒரு தாளம், அவ்வளவுதான் வித்தியாசம். என்எஸ்ஆர் ராகத்திலிருந்து தாளத்துக்கு மாறியது.

கிராங்க்கேஸ்:

மன்னிப்பெல்லாம் எதற்கு, நீங்கள் சொல்வதில் பாதி எனக்கும் சம்மதம். மழுங்கும் என்பது சரி, முழுக்க மழுங்காது என்பது என் கட்சி. என் கைக்கு ஒரே ஒரு சாட்சி இருக்கிறது: 1992-இல் ஜப்பானின் சுசூகாவில் நடந்த முதல் போட்டி, மழை. ஈரத்தில் டூஹன் போன வேகத்தைப் பார்த்தும் அந்தச் சத்தத்தைக் கேட்டும் மற்ற கம்பெனிக்காரர்கள் அலறியடித்துக்கொண்டு போய், அதே வருடத்துக்குள் தங்கள் இன்ஜினையும் நெருக்க வெடிப்புக்கு மாற்றினார்கள். விளக்கம் யாரிடமும் முழுசாக இல்லாவிட்டாலும் ஸ்டாப்வாட்ச் எல்லோரிடமும் இருந்தது.

இன்னொரு விஷயம், டூ ஸ்ட்ரோக்கில் இந்த விளையாட்டு சுலபம். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி எக்ஸாஸ்ட், தனித்தனி கிராங்க் அறை. பக்கத்துச் சிலிண்டர் எப்போது வெடித்தாலும் இவன் மூச்சு வாங்குவது கெடாது. வெடி நேரத்தை எங்கே வேண்டுமானாலும் நகர்த்தலாம்.

ஆர்எக்ஸ்_காதலன்:

அடடா, ஒரு சத்தத்துக்குப் பின்னால் இவ்வளவா. ஐலசா உதாரணத்தில் எனக்குப் பாதி புரிந்துவிட்டது, ராகம் தாளத்தில் மீதியும். ஆனால் என் கடைசிக் கேள்வியை எல்லோரும் நைசாகத் தாண்டிப் போய்விட்டீர்கள். இவ்வளவு நல்லதென்றால் டூஹன் ஏன் திரும்பிப் போனார்?

பெட்ரோல்_வாசம்:

தாண்டவில்லை, அதற்குத் தனியாக எழுத வேண்டும் என்று வைத்திருந்தேன். இதைச் சொல்ல 1992-இல் அவருக்கு நடந்ததிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதல் ஏழு போட்டியில் ஐந்து வெற்றி, இரண்டு இரண்டாமிடம். அப்போது வெற்றிக்கு 20 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 15, ஆக 130. பட்டம் பைக்குள் இருக்கிறது என்றே எல்லோரும் நினைத்தார்கள். எட்டாவது போட்டி நெதர்லாந்தின் அசென், பயிற்சியில் விழுந்து வலது கால் உடைந்தது. உடைந்தது கூடப் பெரிதில்லை, பிறகு ரத்த ஓட்டம் கெட்டு, காலையே எடுக்க வேண்டியிருக்கும் என்கிற நிலைமை. பந்தய மருத்துவர் கிளாடியோ கோஸ்டா அவரை இத்தாலிக்குத் தூக்கிக்கொண்டு போய், நல்ல காலின் ரத்தம் கெட்ட காலுக்குப் பாயட்டும் என்று இரண்டு காலையும் சேர்த்துத் தைத்து வைத்தார். நாலு போட்டி போயிற்று. எலும்பும் தோலுமாக பிரேசிலுக்கு வந்தார், புள்ளி இல்லை. கடைசிப் போட்டி தென்னாப்பிரிக்காவில் ஆறாமிடம், 6 புள்ளி. மொத்தம் 136. ரெய்னி 140. நாலே புள்ளி. இதை எத்தனையாவது தடவை எழுதுகிறேனோ தெரியாது, ஒவ்வொரு தடவையும் வயிற்றைப் பிசைகிறது.

அந்த வலது கணுக்கால் பிறகு சரியாக மடங்கவே இல்லை. பின் பிரேக்கை மிதிக்க வலது கால்தானே வேண்டும்? அதனால் இடது கைப்பிடியில் கட்டைவிரலால் அழுத்துகிற மாதிரி ஒரு பிரேக் வைத்துக்கொண்டார். அந்தக் காலோடுதான் 1994 முதல் 1998 வரை தொடர்ந்து ஐந்து பட்டம்.

இப்போது 1997. பிக் பேங் வந்ததில் ஒரு பக்க விளைவு இருந்தது: வண்டியை ஓட்டுவது எளிதாகிவிட்டது. யாருக்கு எளிது? எல்லோருக்கும். டூஹனுக்குக் கிடைத்த உதவி அவரைத் துரத்துகிறவனுக்கும் கிடைத்தது. அதோடு, பிடிப்பு நன்றாக இருக்கும் வண்டியில் ஒரு சிக்கல் உண்டு. கடைசி வரை பிடித்துக்கொண்டே இருந்து, விடும்போது சொல்லாமல் கொள்ளாமல் விட்டுவிடும், ஆளைத் தூக்கி வானத்தில் எறியும். சமவெடி இன்ஜின், அதைத்தான் ‘ஸ்க்ரீமர்’ என்பார்கள், சீக்கிரமே வழுக்க ஆரம்பிக்கும், ஆனால் படிப்படியாக வழுக்கும், மேல் ஆர்பிஎம்மில் தாராளமாக இழுக்கும். வழுக்கலை வலது மணிக்கட்டால் அளந்து அளந்து ஓட்டத் தெரிந்தவனுக்கு அது எச்சரிக்கை மணி. தெரியாதவனுக்கு ஆப்பு. டூஹனும் அவருடைய தலைமை மெக்கானிக் ஜெரெமி பர்ஜெஸும் 180 டிகிரி இன்ஜினுக்குத் திரும்பினார்கள். அந்த வருடம் 15 போட்டியில் 12 வெற்றி, அதில் பத்து தொடர்ச்சியாக.

ஆகவே எது சரி என்ற கேள்விக்கு என் பதில்: யார் கையில் என்று சொல்லுங்கள், அப்புறம் சொல்கிறேன்.

சந்தேகப்_பேர்வழி:

இங்கேயும் ஒரு சின்ன முட்டுக்கட்டை போடுகிறேன். 1992 டயரும் 1997 டயரும் ஒன்றா? ஐந்து வருடத்தில் டயர், சேசிஸ், சஸ்பென்ஷன் எல்லாமே முன்னேறியிருந்தன. ஸ்க்ரீமர் அடக்க முடியாத மிருகமாக இருந்தது 1989 சேசிஸில், 1989 டயரில். 1997-இல் அதை அடக்க வேறு சாமான்களும் இருந்தன. டூஹன் மகா கெட்டிக்காரர், மறுக்கவில்லை, ஆனால் எல்லாப் புண்ணியத்தையும் மணிக்கட்டிலேயே கட்டிவிடாதீர்கள்.

பெட்ரோல்_வாசம்:

ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் மணிக்கட்டுக்கு முக்கால் பங்கு.

ஓசூர்க்காரன்:

தாமதமாக வந்திருக்கிறேன், பழைய ஏஎக்ஸ் 100 காரன். ஒரு சந்தேகம் மட்டும். இந்த வண்டி எப்போது நின்றது? ஃபோர் ஸ்ட்ரோக் வந்ததும் அன்றைக்கே மூட்டை கட்டிவிட்டார்களா?

கிராங்க்கேஸ்:

டூஹன் 1999-இல் ஹெரெஸில் விழுந்து அத்தோடு ஓய்வு. அந்த வருடப் பட்டம் அதே என்எஸ்ஆரில் அலெக்ஸ் கிரிவியேவுக்கு. 2001-இல் வாலன்டினோ ரோஸி, 500 சிசி டூ ஸ்ட்ரோக்கின் கடைசிச் சாம்பியன். என்எஸ்ஆருக்கு அது பத்தாவது பட்டம். டூ ஸ்ட்ரோக்கை வெறுத்த மனிதரின் கம்பெனி, அதில்தான் இத்தனை பட்டம் குவித்தது.

2002-இல் மோட்டோஜிபி என்று பெயர் மாற்றி 990 சிசி ஃபோர் ஸ்ட்ரோக்குகளை விட்டார்கள். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கொள்ளளவு, போட்டியே இல்லை. ஆனாலும் பழைய 500-கள் அந்த வருடம் கூடவே ஓடின, ஃபோர் ஸ்ட்ரோக் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. அசெனில் மட்டும் ஒரு கூத்து. நீண்ட நேர்ச்சாலை குறைவு, வளைந்து வளைந்து ஓடும் வேகமான தடம், அலெக்ஸ் பாரோஸ் என்எஸ்ஆர் 500-ஐ வைத்துக்கொண்டு ரோஸியின் புது ஃபோர் ஸ்ட்ரோக் ஹோண்டாவான ஆர்சி 211வி-யைத் துரத்தி இரண்டாமிடம் வந்தார். மற்ற எல்லா ஃபோர் ஸ்ட்ரோக்கும் அவருக்குப் பின்னால். அப்புறம் வருடக் கடைசியில் பாரோஸுக்கே ஃபோர் ஸ்ட்ரோக்கைக் கொடுத்தார்கள், ஜப்பானின் மோட்டேகியில் அதில் ஏறிய முதல் போட்டியிலேயே ஜெயித்துவிட்டார்.

ஓசூர்க்காரன்:

அதாவது 500-ஐ வைத்துக்கொண்டே அவர் எவ்வளவு வேகமாக இருந்திருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்திருக்கும்!

ஆர்எக்ஸ்_காதலன்:

அந்த அசென் போட்டியைத் தேடிப் பிடித்துவிட்டேன், இன்று இரவு வேலை அதுதான். முதலில் 1997-ஐக் கேட்டேன், பெட்ரோல்_வாசம் சொன்ன மாதிரி மறுபடி அலறுகிறது, 1991-இன் அலறல் போலவே. மனைவி வந்து, எந்த மிக்ஸியை இந்நேரத்தில் ஓட்டுகிறீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனாள். ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கேட்டது என் தப்பு.